ரொட்டேஷன்: சுழற்சியா, வரிசையா?

எண்ணிட்ட பந்துகளை மேசைக் குழிகளில் தள்ளும் ஆட்டம் ஒன்றுக்கு ‘ரொட்டேஷன் பூல்’ என்று பெயர். அகராதியை மட்டும் நம்பி அதைத் தமிழாக்கினால் ‘சுழற்சிக் குளம்’ என்று வந்து நிற்கும். இரண்டு சொல்லுமே ஆட்டத்துக்கு ஒட்டாதவை.

குளத்தை முதலில் பார்ப்போம். எழுத்து ஒன்றானாலும், தண்ணீர் நிற்கும் குளத்துக்கான ஆங்கிலச் சொல் வேறு. ஆட்டத்தின் பெயர் வேறு. பின்னது, பெட்டைக்கோழியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் பிறந்து, ஆடுவோர் கூட்டாகக் கட்டும் பந்தயப் பணத்துக்குப் பெயரானது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடங்களையும் அப்படியே அழைத்தார்கள். ஒரு பந்தயம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை பொழுது போக வேண்டுமே என்று அங்கே பில்லியர்ட்ஸ் மேசை போட்டார்கள். கூடத்தின் பெயர் மேசைக்கு ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லை அப்படியே தமிழில் எழுதி நாலு பேர் நடுவே வாய்விட்டுப் படிக்கவும் முடியாது. அதற்காகவாவது ‘குழிப்பந்து’ என்று சொல்லிவிடலாம்.

‘ரொட்டேஷன்’ லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோட்டா’வின் வழி வந்தது. ஆனால் இங்கே எதுவும் சுழல்வதைச் சொல்ல வரவில்லை. 1, 2, 3 என்று எண்முறைப்படி போவதைத்தான் சொல்கிறது. தவிர, கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தை ஓரத்தில் தட்டிச் சுழலவிடும் வித்தை ஒன்று உண்டு. ‘சுழற்சி’யை அதற்கு வைத்துக்கொள்வதே நல்லது.

விதி எளிது. முக்கோணமாக 15 பந்துகள், உச்சியில் 1. கேரம் ஸ்ட்ரைக்கரைப் போன்றது வெள்ளைப் பந்து. மேசையில் மிஞ்சியிருப்பதில் மிகச் சிறிய எண்ணைத்தான் அது முதலில் தொட வேண்டும். வேறொன்றை முதலில் தொட்டாலோ, வெள்ளையே குழியில் விழுந்தாலோ ஃபவுல். ஆனால் சரியாகத் தொட்டுவிட்டால் எது விழுந்தாலும் கணக்குதான். 1ஐ அடித்து, அது போய் 15ஐ இடித்து உள்ளே தள்ளினால் 15 புள்ளி. பந்தின் எண்ணே அதன் மதிப்பு.

எல்லாம் கூட்டினால் 120. ஆக, 61 எடுத்தவர் ஜெயித்தார். எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததே இந்தக் கணக்கால்தான். ஒருவர் 1 முதல் 10 வரை பத்துப் பந்தையும் போட்டால் 55. எதிராளி மிச்சமுள்ள ஐந்தை மட்டும் போட்டால் 65. பத்து போட்டவர் தோற்றுப்போவார்! 60-60 என்று சமமானால், கடைசிப் பந்தைப் போட்டவருக்கே வெற்றி.

ஃபிலிப்பைன்ஸில் இதற்கு மவுசு அதிகம். 1999இல் ஒன்பது பந்து ஆட்டத்தில் உலக சாம்பியனான எஃப்ரென் ரெயெஸ் அந்த மண்ணின் ஆட்டக்காரர். அந்த ஆட்டமும் சிறிய எண்ணை முதலில் தொடும் விதியில்தான் நடக்கிறது. புள்ளிக் கணக்கு மட்டும் கிடையாது, 9ஐ முறைப்படி போட்டவர் ஜெயித்தார்.

ஆகவே என் பரிந்துரை ‘எண்வரிசைக் குழிப்பந்து’. ஸ்னூக்கர் என்ற இன்னொரு மேசை ஆட்டத்திலும் குழி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஊட்டி கிளப்பில் விதி எழுதி மாட்டிய அந்த ஆட்டத்துக்குப் புதுப்பெயர் வைக்க எனக்குத் துணிவில்லை.