ஓரெழுத்து மாற்றமும் புற்றுநோய் அபாயமும்

கொழும்பில் ஒரு வீட்டில் புற்றுநோய் கண்டறியப்பட்டதும், "இது பரம்பரை வருத்தமா, டொக்டர்?" என்ற கேள்வி தவறாமல் எழும். 1994இல் அடையாளம் காணப்பட்ட பிஆர்சிஏ1 போன்ற மரபணுக்களில் ஏற்படும் கடும் பிறழ்வுகளைக் கருதினால், ஆம் என்றே சொல்ல வேண்டும். அத்தகைய பிறழ்வுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் உண்டாகிறது. ஆனால் அவர்கள் மிகச் சிலரே. நம் அனைவரிடமும் பரவிக் கிடக்கும் சாதாரண மாறுபாடுகள் செயற்படும் விதம் வேறு.

மனித டி.என்.ஏ.யின் ஏறத்தாழ 3 பில்லியன் எழுத்துகளுள், சில மில்லியன் இடங்களில் ஒருவருக்கொருவர் எழுத்து மாறியிருக்கும். ஆயிரக்கணக்கான நோயாளிகளை நோயற்றோருடன் ஒப்பிட்ட ஆய்வொன்று, எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுவிலுள்ள அத்தகையதொரு மாற்றம் மார்பகப் புற்றுநோயுடன் தொடர்புடையது என்று 2007இல் காட்டியது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வரும் அதன் ஒரு பிரதி அபாயத்தை ஏறத்தாழக் கால்பங்கு உயர்த்துகிறது. நூறு பெண்களில் எட்டுப் பேருக்கு வரக்கூடியது பத்துப் பேருக்கு வரலாம், அவ்வளவுதான். இந்த மாற்றம் புரதத்தின் வடிவத்தைத் தொடுவதில்லை; மரபணு எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதையே சற்று மாற்றுகிறது.

சில மாறுபாடுகள் பழக்கவழக்கம் துணைசேரும்போதே தீவிரம் பெறுகின்றன. புகையிலைப் புகையிலுள்ள அரோமற்றிக் அமீன்கள் என்னும் நச்சு வேதிப்பொருள்களை மெதுவாகச் செயலிழக்கச் செய்யும் என்ஏடி2 மரபணு வகையைக் கொண்டவர் புகைப்பவராயின், அவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயம் மேலும் கூடுகிறது. இலங்கை ஆண்களிடையே முன்னணியிலுள்ள வாய்ப் புற்றுநோய்க்கோ, என் கணிப்பில், மரபணுவைத் தேடுமுன் வாயில் குதப்பும் வெற்றிலைக்குள் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்; புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணி என்பது 2004இலேயே சர்வதேச அளவில் வகைப்படுத்தப்பட்டுவிட்டது.

இத்தகைய பல மாறுபாடுகளின் சிறு விளைவுகளைக் கூட்டி ஒருவரின் அபாய மதிப்பெண்ணாக்கும் முறையும் உண்டு. 2019இல் மார்பகப் புற்றுநோய்க்காக 313 மாறுபாடுகளைக் கொண்ட ஒன்று வெளியானது. அது ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் தரவில் உருவானது. அத்தகைய கணக்கில் வாசிக்கப்படும் எழுத்து பெரும்பாலும் நோய்க்குக் காரணமானதன்று, காரணமான எழுத்தோடு சேர்ந்தே பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் அயல் எழுத்து. அந்தச் சேர்க்கை மக்களுக்கு மக்கள் வேறுபடுவதால், கொழும்பின் வெள்ளவத்தையில் வாழும் பெண்ணொருவருக்கு அதே மதிப்பெண் அதே துல்லியத்துடன் பொருந்தாது.