ராத்திரி டியூட்டியில் இருப்பவர் யார்?

தனியார் மருத்துவமனைகளில் தர நிர்வாகம் பார்ப்பது என் வேலை. டாக்டர்களின் கோப்பைக் காட்டுங்கள் என்றால், முதலில் தலைமை மருத்துவரின் கோப்புதான் மேசைக்கு வரும். பட்டம், பதிவு எண், கருத்தரங்கச் சான்றிதழ் என்று எல்லாம் பளிச்சென்று இருக்கும். சரி, நேற்று ராத்திரி டியூட்டியில் இருந்தவரின் கோப்பு எங்கே என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும்.

அலோபதி மருத்துவமனைகள் சிலவற்றில் இரவுப் பணிக்கு ஹோமியோபதியோ சித்தாவோ படித்தவரை வைத்துக்கொள்கிறார்கள். சம்பளம் குறைவு என்பதுதான் காரணம். அவர்கள் படிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பூனம் வர்மா வழக்கைப் பாருங்கள். ஹோமியோபதியில் பதிவு பெற்றவர் காய்ச்சல் நோயாளிக்கு அலோபதி மருந்து கொடுத்தார், நோயாளி இறந்துபோனார். பதிவில்லாத முறையில் வைத்தியம் பார்த்ததே கவனக்குறைவுதான், அதற்கு மேல் நிரூபிக்க ஒன்றுமில்லை என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சில மாநிலங்களில் அரசாணை மூலம் தளர்வு உண்டு. அது உங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

அடுத்து நான் அடிக்கடி கேட்கும் பதில், "அவர் எங்க ஸ்டாஃப் இல்லைங்க, விசிட்டிங்." இது கோர்ட்டில் எடுபடாது. 2004இல் சவிதா கார்க் வழக்கில், டாக்டர் சம்பளத்துக்கு இருக்கிறாரா, ஒப்பந்தத்தில் வந்து போகிறாரா என்பதைப் பார்க்காமலே மருத்துவமனை பதில் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பானது. கவனக்குறைவு இல்லை என்று காட்டும் பொறுப்பும் மருத்துவமனையின் தலையில்தான். நோயாளி உங்கள் பெயர்ப் பலகையைப் பார்த்துத்தானே உள்ளே வருகிறார்!

சான்றிதழ் ஜெராக்ஸைக் கோப்பில் போடுவது சரிபார்ப்பு ஆகாது. பதிவு எண்ணை மெடிக்கல் கவுன்சிலிலேயே நேரடியாகச் சரிபார்க்க வேண்டும். எம்.டி., எம்.எஸ். முடித்தவர் என்றால் அந்த மேற்படிப்பும் பதிவேறியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்தவரா? இந்த மாநிலப் பதிவு வந்துவிட்டதா? ஒரு வாரம் லீவுக்கு மாற்றாக வருபவருக்கும் இதே விதிதான். அவசரத்தில் தப்புவது பெரும்பாலும் இவர்கள் கோப்புதான்.

இதைவிட முக்கியமானது, பட்டம் இருப்பவர் எதையெல்லாம் செய்யலாம் என்ற அனுமதிப் பட்டியல். மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்து என்.ஏ.பி.ஹெச். என்ற அமைப்பு தரும் அங்கீகாரத்துக்கும் இதைக் கேட்கிறார்கள். எம்.எஸ். பொது அறுவை முடித்த எல்லோரும் லேப்ராஸ்கோப்பியில் குடலிறக்கம் சரிசெய்யத் தேறியவர்கள் அல்ல. எத்தனை செய்திருக்கிறார், யார் மேற்பார்வையில், சிக்கல் எத்தனை என்று லாக்புக்கைப் பார்த்து, மூத்த மருத்துவர்கள் அடங்கிய குழு கையெழுத்திட வேண்டும். அதுவும் ஒரு முறையோடு முடியாது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை, இந்தப் பட்டியல் எச்.ஆர். பீரோவில் பூட்டிக் கிடக்கும். அது இருக்க வேண்டிய இடம் ஆபரேஷன் தியேட்டர். பட்டியலில் இல்லாத அறுவைக்கு நாள் குறித்தால், தியேட்டர் சிஸ்டர் பயமில்லாமல் "சார், இது உங்க லிஸ்ட்ல இல்லையே" என்று சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொன்ன சிஸ்டரை நிர்வாகம் திட்டினால், அப்புறம் அந்தப் பட்டியல் வெறும் காகிதம்.

சிகிச்சையில் தவறு என்று வழக்கு வந்தால் இழப்பீட்டுக்குக் கைகொடுக்கும் காப்பீடான இண்டெம்னிட்டி பாலிசியின் தேதியையும் கோப்பில் குறித்துவையுங்கள். இந்தப் பாலிசிகள் பொதுவாக வழக்கு வரும் நாளில் உயிரோடு இருந்தால்தான் கைகொடுக்கும்; சிகிச்சை நடந்த நாளில் இருந்தது மட்டும் போதாது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு, தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தையும் மன்னிப்பார்கள். அதற்குள் டாக்டர் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். அவர் போன மறுநாளே கோப்பைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.