வேக ஹேட்ச்பேக்குக்கு முன் இரண்டு வருடம்

லைசன்ஸ் கைக்கு வந்த மாதமே 200 குதிரைத்திறன் ஹேட்ச்பேக் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு காப்பீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்து அதிர்ந்துபோகும் இளைஞர்கள் நிறைய பேர். பழைய வண்டியாக இருந்தால் பிரீமியம் சில நேரம் வண்டியின் விலையோடு போட்டி போடும். கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால், விற்பவர் சொல்லாத பல விஷயங்கள் அதற்குள் இருக்கின்றன: வண்டியைப் பற்றிப் பாதி, ஓட்டப்போகிறவரைப் பற்றிப் பாதி.

முதலில் 'வேகம்' என்ற சொல். 1976இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐக்கு 110 குதிரைத்திறன்; எடை ஏறக்குறைய 810 கிலோ. அன்றைக்கு அது ஊரே திரும்பிப் பார்த்த வேக வண்டி. இன்று அதே 110 குதிரைத்திறன், ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் உள்ள சாதாரணக் குடும்ப ஹேட்ச்பேக்கிலேயே கிடைக்கிறது. எட்டாம் தலைமுறை ஜிடிஐ 245 குதிரைத்திறனோடு வந்தது. டொயோட்டா ஜிஆர் யாரிஸ் மூன்றே சிலிண்டரில் 250ஐத் தாண்டியது. 'பிக்கப் பத்தாது' என்று ஒதுக்கப்படும் இன்றைய வண்டி, புதிதாக ஓட்டுகிறவருக்குத் தாராளமாகவே போதும்.

வண்டி வேகமாகப் போவது மட்டும் சிக்கலில்லை. ஓட்டுகிறவரின் கண் அந்த வேகத்துக்கு இன்னும் பழகவில்லை என்பதுதான் பெரிய சிக்கல். ஓட்டுநர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்த ஆய்வுகள் 1970களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டின. புதியவர் பானட்டுக்குச் சற்று முன்னால் உள்ள சாலையையே பார்க்கிறார். பார்வை அகலமாக ஓடுவதில்லை, கண்ணாடிகளைக் குறைவாகவே பார்க்கிறார். பழகியவரின் கண் தூரத்துக்குப் போய், பக்கவாட்டில் போய், திரும்பி வருகிறது. நின்றிருக்கும் பேருந்துக்கு அடியில் தெரியும் கால்களையும், நிறுத்திய காரின் முன்சக்கரம் லேசாகத் திரும்புவதையும் அது பிடித்துவிடும். இந்தப் பழக்கம் புத்தகத்தில் வராது, வகுப்பிலும் முழுதாக வராது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டித்தான் வரும். தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் விபத்து வாய்ப்பு மிக அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. நியூஸிலாந்து 1987இலேயே படிப்படியான லைசன்ஸ் முறையைக் கொண்டுவந்தது. இரவில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது என்று அது தடுப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

ஒரு வளைவை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம்.

60 மீட்டர் ஆரமுள்ள வளைவு, மழை நின்று சாலை ஈரமாக இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் டயருக்குத் தேவைப்படும் பக்கவாட்டுப் பிடி, புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.47 பங்கு. 75இல் அதே வளைவுக்கு 0.74 பங்கு வேண்டும். ஈரச் சாலையில் நல்ல டயர் தரக்கூடியதே 0.5இலிருந்து 0.6 வரைதான். அதாவது 60இல் தட்டுத்தடுமாறித் தப்பிக்கும் வண்டி, 75இல் சாலையை விட்டு வெளியே போகும். சாதாரண ஹேட்ச்பேக்கில் 60இலிருந்து 75க்குப் போக இரண்டரை, மூன்று விநாடி பிடிக்கும். எஞ்சின் கத்தி முன்கூட்டியே சொல்லிவிடும். டர்போ வேக வண்டியில் ஏறக்குறைய ஒரு விநாடி போதும். சத்தமும் பெரிதாக ஏறாது. ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமல் காதையும் உடம்பையும் நம்பி வேகத்தைக் கணிக்கும் பழக்கம் புதியவருக்கு இன்னும் வரவில்லை. அதனால் 75 அவருக்கு 60 போலவே இருக்கும்.

அடுத்து நடப்பதும் ஏறக்குறைய எப்போதும் ஒரே மாதிரிதான். வளைவுக்குள் வண்டியின் மூக்கு வெளிப்பக்கம் தள்ளுகிறது. பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைப் பட்டென்று எடுக்கிறார், கூடவே பிரேக்கையும் மிதிக்கிறார். பாரம் முன்பக்கம் பாய்ந்து பின்சக்கரங்கள் லேசாகின்றன. வேக ஹேட்ச்பேக்குகளின் பின்பக்க சஸ்பென்ஷனை, வளைவில் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பட்டும் என்று வேண்டுமென்றே விறைப்பாக வைத்திருப்பார்கள். முன்சக்கரங்களுக்குத் திடீரென்று பிடி திரும்ப, வால் வெளியே வீசுகிறது. வண்டி சறுக்காமல் நிலைப்படுத்தும் மின்னணு அமைப்பான இஎஸ்சி அந்தந்தச் சக்கரத்தைத் தனித்தனியாக பிரேக் போட்டு வண்டியை நேராக்கப் பார்க்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம், நிறைய உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் டயரிடம் இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது.

நேர்ச்சாலையில் கணக்கு இன்னும் எளிது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த சாலையில் 60இல் போனால், கால் போவதற்குள் 25 மீட்டர், பிரேக் பிடித்து நிற்க 18 மீட்டர், மொத்தம் 43. வேகம் 100 என்றால் 42உம் 49உம் சேர்ந்து 91. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, நிற்கும் தூரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. நல்ல டயர் இந்த 49ஐக் கொஞ்சம் குறைக்கலாம். 42ஐ எந்த உதிரிபாகத்தாலும் குறைக்க முடியாது. அது கண்ணும் மூளையும் எடுத்துக்கொள்ளும் நேரம்.

பிரீமியம் எங்கே கூடுகிறது

காப்பீட்டு நிறுவனம் வண்டியை ஒரு தட்டிலும் ஆளை இன்னொரு தட்டிலும் வைக்கிறது. வண்டித் தட்டில் எஞ்சின் சக்தி மட்டும் இல்லை. உதிரிபாக விலை, பழுதுபார்க்க ஆகும் நேரம், திருட்டு வாய்ப்பு, பாதுகாப்பு வசதிகள் எல்லாம் சேரும். பிரிட்டனில் பல வருடங்கள் இவற்றை வைத்துக் கார்களை 1 முதல் 50 வரை பிரித்து வந்தார்கள். சிறிய எஞ்சின் வண்டிகள் அடியிலும் வேக வண்டிகள் மேலேயும் இருந்தன. அங்கே 1990களின் தொடக்கத்தில் வேக ஹேட்ச்பேக் திருட்டும் விபத்தும் பெருகி, பிரீமியம் எகிறி, அந்த வகை வண்டிகளின் விற்பனையே படுத்துவிட்டது. ஆள் தட்டில் வயது, லைசன்ஸ் எடுத்து எத்தனை காலம், முந்தைய கிளெய்ம், அபராதங்கள், வண்டி இரவில் நிற்கும் இடம், வருடத்துக்கு ஓட்டும் தூரம். இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் கனத்தால்தான் அந்த அதிர்ச்சித் தொகை வரும். வயதைக் குறைக்கவோ கூட்டவோ முடியாது. வண்டியை மாற்றலாம், அனுபவத்தைச் சேர்க்கலாம்.

தொகையைக் குறைக்கிறேன் என்று செய்யும் வேலைகளில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மிகப் பரவலானது, அப்பா பெயரில் பாலிசி எடுத்து அவரையே முதன்மை ஓட்டுநராகக் காட்டி, மகனைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பது. அப்பாதான் உண்மையில் அதிகம் ஓட்டுகிறார் என்றால் தவறே இல்லை. மகன் தினமும் கல்லூரிக்கும் வேலைக்கும் கொண்டுபோகும் வண்டிக்கு அப்படிச் சொன்னால் அது பொய்த் தகவல். கிளெய்ம் வரும்போது விபத்து நடந்த இடம், நேரம், சர்வீஸ் பில்லில் உள்ள கையெழுத்து எல்லாம் ஒன்றாக மேசைக்கு வரும். பாலிசி ரத்தானால், எதிராளிக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டை நிறுவனம் உங்களிடமே திரும்பக் கேட்கலாம். அதோடு, 'இதற்கு முன் பாலிசி ரத்தாகியிருக்கிறதா?' என்ற கேள்விக்குப் பல வருடங்கள் 'ஆம்' என்றே எழுத வேண்டியிருக்கும். வேகக் காருக்குக் கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்தைவிட இது அதிகச் செலவு.

அடுத்தது, சொல்லாமல் செய்த மாற்றங்கள். எஞ்சின் கணினியை மறுநிரல் செய்வது, தாழ்த்திய ஸ்பிரிங், வேறு எக்ஸாஸ்ட், பெரிய அலாய் சக்கரம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். 'பிளக்கைப் பிடுங்கி மறுபடி பழைய நிரலை ஏற்றிவிடலாம்' என்று நண்பர்கள் சொல்வார்கள். எத்தனை முறை நிரல் மாற்றப்பட்டது என்று எண்ணி வைக்கும் எஞ்சின் கணினிகள் உண்டு. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் நிகழ்வுப் பதிவு வசதி இருந்தால், மோதலுக்கு முந்தைய சுமார் 5 விநாடிகளின் வேகம், ஆக்ஸிலரேட்டர் நிலை, பிரேக் மிதித்தாரா இல்லையா என்பதெல்லாம் அதில் கிடக்கும். 'நான் 50இல்தான் போனேன்' என்ற வாக்குமூலம் அந்தப் பதிவின் முன் நிற்காது.

எக்ஸஸ் என்ற தொகையைக் கவனியுங்கள். கிளெய்ம் வந்தால் முதலில் உங்கள் கையிலிருந்து போக வேண்டிய பணம் அது. தானாக முன்வந்து அதைக் கூட்டினால் பிரீமியம் இறங்கும். இளம் ஓட்டுநர் என்பதற்காகத் தனி எக்ஸஸ் ஒன்று அதன்மேல் ஏறுவதும் உண்டு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அந்தப் பணம் நாளைக் காலையே தேவைப்பட்டால் கையில் இருக்குமா? இல்லையென்றால் பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது வெறும் தோற்றம். பிட்சா, பார்சல் என்று டெலிவரிக்கு வண்டியை எடுத்தால் சாதாரணத் தனிநபர் பாலிசி பெரும்பாலும் செல்லாது, இதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் டெலிமேட்டிக்ஸ் பாலிசி கிடைத்தால் புதியவருக்கு அது நல்ல பேரம். கருவியோ செயலியோ நான்கு விஷயங்களைப் பார்க்கும்: வேக வரம்பு மீறல், திடீர் பிரேக், வளைவில் பக்கவாட்டு விசை, ஓட்டும் நேரம். இதில் திடீர் பிரேக்தான் பலருக்கு மதிப்பெண்ணைக் கெடுக்கும். காரணம் பிரேக் மிதிப்பதில் இல்லை, முன்வண்டியோடு ஒட்டிப் போவதில் இருக்கிறது. முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்து இரண்டு விநாடி கழித்து நீங்கள் கடக்க வேண்டும், ஈரத்தில் நான்கு. செல்போன் செயலி என்றால், நண்பன் ஓட்டும் வண்டியில் நீங்கள் சும்மா உட்கார்ந்து போன பயணத்தையும் உங்கள் கணக்கில் எழுதிவிடும். அன்றே திருத்திவிட வேண்டும்.

எந்த வண்டி, என்ன பார்ப்பது

வேக வண்டிக்கு முன் இரண்டு வருடம் சிறிய வண்டி ஒன்றை ஓட்டுங்கள். அந்த முதல் வண்டிக்கு 70 முதல் 110 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), இஎஸ்சி, ஏர்பேக்குகள். இஎஸ்சி இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வேக வண்டி வாங்காததில் மிச்சமாகும் பணத்தை டயருக்குப் போடுங்கள். பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ளம் போதும். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதுமே ஈரப் பிடி வேகமாக விழத் தொடங்கும்.

இத்தனைக்கும் பிறகும் செகண்ட் ஹேண்ட் வேக வண்டிதான் வேண்டும் என்றால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். முன் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், வண்டியைத் தாழ்த்தியிருக்கிறார்கள் அல்லது அலைன்மென்ட் போயிருக்கிறது. நான்கு டயரும் நான்கு பிராண்ட் என்றால், முந்தைய உரிமையாளர் வேறு எதில் மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசியுங்கள். பிரேக் டிஸ்கின் ஓரத்தில் விரல் வைத்தால் விளிம்பு தடித்துத் தட்டுப்படும். தடிப்பு அதிகமென்றால் டிஸ்க் தேய்ந்துவிட்டது. மேனுவல் வண்டியில் கிளட்ச் சோதனை இப்படி: காலியான நேர்ச்சாலையில் நான்காம் கியரில் 2,000 ஆர்.பி.எம். அளவில் வந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். முள் சட்டென்று மேலே ஏறி, வண்டி அந்த அளவுக்கு முன்னே போகவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. நிரல் மாற்றிய டர்போ வண்டிகளில் கூடுதல் இழுவிசையை முதலில் தாங்க முடியாமல் போவது அந்தக் கிளட்ச்தான். அதனால் நிரலைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிடலாம்.

கடனில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. இன்றைய பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது, விளக்குகள் எல்இடி. மெதுவான மோதலிலேயே பம்பர், விளக்கு, ரேடியேட்டர், இரண்டு ஏர்பேக், சென்சார் சீரமைப்பு எல்லாம் சேர்ந்து வண்டியின் சந்தை மதிப்பை நெருங்கிவிடலாம். நெருங்கினால் முழுச்சேதம், அதாவது பழுதுபார்க்கத் தகாதது, என்று எழுதிவிடுவார்கள். நிறுவனம் தருவது அன்றைய சந்தை மதிப்பு. கடன் பாக்கி அதைவிட அதிகமாக இருந்தால், இல்லாத வண்டிக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்க நேரும்.

சிறிய வண்டியோடு இருக்கும் இரண்டு வருடத்தில் மழையிலும் இரவிலும் ஓட்டுங்கள், முதல் சில முறை பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆளில்லாத அகன்ற இடத்தில் 50இலிருந்து பிரேக்கை முழுதாக, உதைப்பது போல மிதித்துப் பாருங்கள். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் நடுங்கும். அந்த நடுக்கத்தை முதன்முறை உணர்பவர்களில் பலர் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுகிறார்கள். அதை விபத்து நடக்கும் நொடியில் கற்கக் கூடாது. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான சலுகை பெரும்பாலும் பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் சேரும். எனவே சின்ன வண்டியானாலும் பாலிசி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். இடையில் காப்பீடே இல்லாமல் நீண்ட காலம் விட்டால் சேர்த்த சலுகை காலாவதியாகும், அந்தக் கெடு நாட்டுக்கு நாடு வேறு. இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு அறிவிப்பு வந்ததும், அதே வாரத்தில் மனதிலுள்ள வேக வண்டியின் பதிவு எண்ணைக் கொடுத்து விலை கேட்டுப் பாருங்கள். முன்பணம் அதற்குப் பிறகு.