எத்திலீன் வேறு, கார்பைடு கல் வேறு

போன வாரம் ஒரு மாம்பழக் குடோனில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். காய்களுக்கு நடுவே செய்தித்தாள் பொட்டலம். பிரித்தால் காயைப் பழுக்கவைக்கப் போடும் சாம்பல் நிறக் கார்பைடு கல், குப்பென்று பூண்டு வாடை. பெட்டி அடுக்கிய பையனின் உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. வியர்த்த கையோடு கல்லை உடைத்திருக்கிறான். கல்லுக்குப் பதில் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை வைக்கலாமே என்று முதலாளியிடம் கேட்டால், "எத்திலீனும் பெட்ரோல்ல இருந்துதானே சார் வருது, எதைப் போட்டா என்ன?" என்கிறார். இந்தக் கோடையில் எத்தனை மண்டியில் இதே பேச்சு! பழம் வாங்குகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

சரி, அதையே பார்ப்போம். கச்சா எண்ணெயில் இருந்து பிரித்தெடுக்கும் நாப்தா என்ற திரவத்தில் இருந்து ஆலைகளில் எத்திலீன் எடுப்பது உண்மைதான். பானிப்பத், ஹால்தியா ஆலைகளில் நாப்தாவை நீராவியோடு சேர்த்து 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறார்கள். நீளமான கார்பன் சங்கிலி உடைகிறது. 10 கார்பன், 22 ஹைட்ரஜன் உள்ள சங்கிலியில் ஒரு துண்டு 8 கார்பனோடு 18 ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு போனால், மீதி 2 கார்பனுக்கு 4 ஹைட்ரஜன்தான் மிஞ்சும். அந்தக் குறையை ஈடுகட்ட அந்த 2 கார்பனும் ஒன்றையொன்று இரட்டைப் பிணைப்பில் பிடித்துக்கொள்கின்றன. எத்திலீன் அவ்வளவுதான். பழுக்கிற ஆப்பிள் தானே இந்த வாயுவை விடுகிறது என்று 1934லேயே நிரூபித்துவிட்டார்கள். வாழைத்தாருக்கு மூட்டம் போடுவோமே, அந்தப் புகையில் வேலை செய்ததும் இதுதான். எங்கிருந்து வந்தாலும் அதே 2 கார்பன், அதே 4 ஹைட்ரஜன்.

கல்லில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலீன். அது பழத்தின் தோலை மஞ்சளாக்கும். கூடவே கல்லில் கலந்திருக்கும் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் ஆர்சின், பாஸ்பீன் என்ற விஷவாயுக்களாகக் கிளம்பும். 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறை கல்லைத் தடை செய்திருக்கிறது; எத்திலீனுக்கு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு.

வியாபாரிகளே, எத்திலீன் வாயுவை விடும் பொட்டலம் காய்மேல் படக் கூடாது. முற்றாத காயை எத்திலீன் வைத்தாலும் இனிக்க வைக்க முடியாது, பறிக்கும்போதே பாருங்கள். எத்திலீன் சிலிண்டர் வைத்த அறையில் பீடி பற்றவைக்காதீர்கள்: கசிந்து காற்றில் 2.7 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். கல் தூள் கையில் பட்டால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, அப்புறம் நிறையத் தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்திலீன் அறையில் பழுத்ததென்று கடைக்காரர் உண்மையைச் சொன்னால் பழத்தை ஒதுக்காதீர்கள். அவரை ஒதுக்கினால் பக்கத்துக் கடையில் கல் வைத்த பழம்தான் விற்கும். மனசு கேட்கவில்லையா, முற்றிய காயாக வாங்கி அரிசிப் பானைக்குள் புதைத்துவையுங்கள். காய் விடும் எத்திலீன் வெளியே போகாமல் அங்கேயே தங்கிப் பழுத்துவிடும்.