மூன்றரை வயதில் எழுத வரவில்லை என்று யாரும் என்னிடம் வர வேண்டாம்

போன வாரம் மறுபடியும் ஒரு நோட்டு வந்தது. குழந்தை அம்மாவுக்குப் பின்னால் நின்றான். நோட்டுதான் முதலில் என் மேஜைக்கு வந்தது. "கோட்டுக்குள்ளே எழுத மாட்டேங்கிறான் டாக்டர், பென்சிலை முஷ்டியில பிடிக்கிறான். அந்த ப்ளே ஸ்கூல்ல நாள் முழுக்க விளையாடத்தான் விடுறாங்க, மாத்திடலாம்னு இருக்கோம்." (நான் டாக்டர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; எழுதுவது, உடுத்துவது மாதிரி அன்றாட வேலைகளுக்குக் குழந்தைகளைப் பழக்குகிறவர். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.) பையனுக்கு வயது மூன்றரை. குறை ஒன்றும் இல்லை. பள்ளியும் நல்ல பள்ளி.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அநேகமாக எல்லாமே குருத்தெலும்புதான்; அது எக்ஸ்ரேயில் தெரியாது. மூன்றரை வயதுக் கையை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் மூன்றோ நான்கோதான் தெரியும். எலும்பு மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. தோள், விரல் தசை, கண்ணும் கையும் சேர்ந்து இயங்குவது எல்லாம் ஒன்றுகூட வேண்டும். 3 வயதில் வட்டம், 4 வயதில் கூட்டல் குறி, அப்புறம் சதுரம், 5 வயதை ஒட்டி முக்கோணம். பார்த்து வரைவதில் பெரும்பாலான குழந்தைகளின் வரிசை இதுதான். முக்கோணத்தின் சாய்கோடே வராத கையிடம் பக்கம் பக்கமாக எழுத்து கேட்டால் அது என்ன செய்யும்? முஷ்டியில் பிடித்து அழுத்தும். அந்தப் பிடியே பழகியும் போகும். பிறகு அதை மாற்ற என்னிடம் வருவீர்கள்.

சரி, "சும்மா விளையாடுகிறார்கள்" என்ற புகாருக்கு வருகிறேன். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

மரக்கட்டைகளை அடுக்கும் குழந்தை எதைக் கீழே வைப்பது, எதை மேலே வைப்பது என்று முடிவு செய்கிறது. சரிந்தால் வேறு மாதிரி அடுக்கிப் பார்க்கிறது. பக்கத்துக் குழந்தை அதே கட்டையைக் கேட்டால் பேரம் பேசுகிறது, அல்லது அழுகையை அடக்கிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கிறது. கடை விளையாட்டில் "நீ வாங்க வந்தவள்" என்று சொல்லிவிட்டால், கல்லாப் பெட்டியில் கை வைக்கும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொண்டு வாங்க வந்தவளாகவே கடைசிவரை இருக்க வேண்டும். நினைவில் வைப்பது, கவனத்தைத் திருப்புவது, தன்னை அடக்குவது மூன்றும் அங்கே பயிற்சியாகின்றன. ஒன்றாம் வகுப்பில் ஒரு பாடம் முடியும்வரை உட்கார இவைதான் வேண்டும். எதுகைப் பாட்டு பாடும்போது காது சொல்லை ஒலி ஒலியாகப் பிரிக்கப் பழகுகிறது. பின்னாளில் எழுத்துக் கூட்டி வாசிக்கப்போவது அந்தக் காதை வைத்துத்தான். களிமண் உருட்டுவதும் காகிதம் கிழிப்பதும் டப்பா மூடியைத் தானே திறப்பதும் விரல்களுக்கான வேலை. இத்தனைக்கும் நடுவில் டீச்சர் சும்மா நிற்பதில்லை. "ஏன் விழுந்தது?" என்று கேட்கிறார், பதில் வரும்வரை காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு நம்மில் பலருக்கு வராது.

1962-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு தொடங்கியது. ஏழைக் குழந்தைகள் 123 பேர். ஒரு பகுதியினருக்கு மட்டும் இப்படி விளையாட்டு வழியே கற்கும் பள்ளி. அவர்களுக்கு நுண்ணறிவுத் தேர்வில் கிடைத்த முன்னிலை சில ஆண்டுகளில் கரைந்துபோனது. ஆனால் 40 வயதில் பார்த்தால், அவர்களில் படிப்பை முடித்தவர்கள் அதிகம், சம்பாத்தியம் அதிகம், கைதானவர்கள் குறைவு. (சிறிய ஆய்வுதான். டீச்சர்கள் வாரா வாரம் வீட்டுக்கும் போனார்கள். அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.)

ஆகவே பள்ளி பார்க்கப் போனால் சுவரில் ஒட்டிய எழுத்துகளைப் பார்க்காதீர்கள். டீச்சர் தரையில் உட்கார்ந்து பேசுகிறாரா, ஒவ்வொரு குழந்தையின் ஓவியமும் வேறு வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தால் பெரியவர்கள் கை பட்டிருக்கிறது. ஹோம்வொர்க் கேட்டு நச்சரிக்காதீர்கள். பென்சில் வேண்டாம், உடைந்த சின்ன கிரேயான் கொடுங்கள்; முஷ்டியில் பிடிக்க இடமே இருக்காது. 3, 4 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 180 நிமிடம் உடல் அசைவு, அதில் ஒரு மணி நேரமாவது ஓட்டமும் துள்ளலும், திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் இது தலைகீழாக நடக்கிறது.

எனக்கு உண்மையில் வருத்தம் வேறு இடத்தில். மூன்று வயதிலேயே எல்லா எழுத்தும் எண்ணும் சொல்லும் குழந்தையை யாரும் கூட்டி வருவதில்லை. அதில் சில குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, விரல் நீட்டி எதையும் காட்டாது, மற்ற குழந்தைகள் பக்கம் போகாது. ஆனாலும் "ரொம்ப புத்திசாலி" என்று விட்டுவிடுகிறார்கள். ஐந்து வயதில் வருகிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், மூன்று வயதில் பொய்யாகச் சமைப்பது, பொம்மையைத் தூங்கவைப்பது மாதிரி எந்தப் பாவனை விளையாட்டும் இல்லாவிட்டால் காட்டுங்கள். பேசிய சொற்களை எந்த வயதில் இழந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள். டீச்சர் தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னால், தயவுசெய்து அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வகுப்பில் யாரோடு விளையாடுகிறான், எப்போது ஒதுங்குகிறான் என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். காது கேட்கும் பரிசோதனை எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டும் வேண்டும்.