மூஞ்சிய பாத்தே ஆளு எந்த டைப்னு சொல்ல முடியுமா?

என் மூஞ்சி சும்மா இருந்தாலே உர்ருனு தான் இருக்கும். மீட்டிங்ல ஓரமா உக்காந்து பைக்க சர்வீஸுக்கு விடணுமேனு யோசிச்சிட்டு இருப்பேன், பக்கத்துல இருக்கவர் "என்ன சார், கோவமா?"ம்பார். இல்லீங்கன்னா நம்ப மாட்டார், மூணாவது தடவ கேக்கும்போது நிஜமாவே கோவம் வந்துரும். அதனால "முகத்த பாத்தே குணத்த சொல்லிடலாம்"னு எதாவது வீடியோ வந்தா கொஞ்சம் உன்னிப்பாவே பாப்பேன், பாதிக்கப்பட்டவன் இல்லியா.

மொதல்ல முகம் எப்படி வேல செய்யுதுனு பாப்போம். உடம்புல மத்த தசையெல்லாம் பெரும்பாலும் எலும்ப இழுக்கும், முகத்து தசை நேரா தோலையே புடிச்சு இழுக்கும், அதான் உள்ள லேசா ஏதாவது அசைஞ்சாலும் வெளிய பளிச்சுனு தெரியுது. பிரான்ஸ்ல டுஷேன்னு ஒரு டாக்டர், முகத்துல உணர்ச்சி மரத்துப்போன ஒரு பெரியவரோட கன்னத்துல கரண்ட் கம்பிய வச்சு ஒவ்வொரு தசையா சுருங்க வச்சு போட்டோ எடுத்தாரு, 1862ல அத புத்தகமாவும் போட்டாரு. உதட்டோரத்த மட்டும் தூக்கினா பெரியவர் பல்ல காட்டுறாரே தவிர சிரிக்கிற மாதிரி இல்ல, கண்ண சுத்தி இருக்க வட்ட தசையும் சுருங்கினா தான் சிரிப்பா தெரியுது. நிஜ சிரிப்பு கண்ணுல தெரியும்னு சொல்றதோட மூலம் இது தான். ஆனா அந்த கண்ணு தசையையும் வேணும்னே சுருக்க நிறைய பேரால முடியும்னு பின்னாடி வந்த ஆய்வுகள்ல தெரிஞ்சு போச்சு, அதனால அத வச்சு யாரையும் போலினு முடிவு கட்டிடாதீங்க.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஸ்ட்ரோக் வந்து மூளையோட மேல் பகுதி அடிபட்ட சிலர்கிட்ட டாக்டர் "எங்க, பல்ல காட்டுங்க"ன்னா வாய் ஒரு பக்கம் தான் போகும், மறுபக்கம் அசையாது. அதே ஆள்கிட்ட ஒரு ஜோக் அடிச்சா ரெண்டு பக்கமும் ஒழுங்கா விரிஞ்சு சிரிப்பாரு! சொல்லி சிரிக்கிறதுக்கு ஒரு வழி, தானா வர்ற சிரிப்புக்கு வேற வழினு மூளைக்குள்ள ரெண்டு தனித்தனி பாதை. இதுக்கு நேர் தலகீழாவும் சிலருக்கு ஆகும், சொன்னா சிரிப்பாங்க, ஜோக்குக்கு ஒரு பக்கம் அசையாது.

சரி, இது எல்லாமே அந்த நிமிஷத்து மனநிலை. குணம் எங்க வந்துச்சு? அது பாக்கிறவன் மண்டைக்குள்ள வருது. 2006ல வில்லிஸ், டொடொரோவ்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் முன்ன பின்ன தெரியாத முகங்கள ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி இவர நம்பலாமா, கெட்டிக்காரரா, முரட்டு ஆளானு கேட்டாங்க. நிதானமா பாத்து சொன்னவங்க முடிவும் இவங்க முடிவும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், நேரம் கூட குடுத்தா தன் முடிவு மேல நம்பிக்கை தான் கூடுச்சு. எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்கங்கறதுக்காக அது சரினு ஆயிடாது. உதட்டோரம் பொறப்புலயே லேசா மேல வளைஞ்சிருந்தா மூளை அத பாதி சிரிப்புனு எடுத்துக்கும், உடனே நல்ல மனுஷன்னு ஒட்டிடும். புருவம் தாழ்ந்து இருந்தா கோவக்காரன், நம்ம கேஸ் இது தான். டார்வினையே 1831ல அவரோட மூக்க பாத்துட்டு இந்த ஆளுக்கு உறுதி பத்தாதுனு அவர் போக இருந்த கப்பலோட கேப்டன் கழட்டி விட பாத்தாராம், டார்வினே எழுதி வச்சிருக்காரு. அப்புறம் அஞ்சு வருஷம் கடல்ல கிடந்தது அதே மூக்கு தான்.

இன்னும் ஒரு கூத்து, டென்னிஸ் வீரர்கள் முக்கியமான பாயிண்ட ஜெயிச்ச நொடி, தோத்த நொடி எடுத்த போட்டோக்கள வச்சு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. முகத்த மட்டும் வெட்டி காட்டினா ஜெயிச்சவன் யாரு தோத்தவன் யாருன்னே ஆளுங்களுக்கு சொல்ல தெரியல, ரெண்டுமே வாய பொளந்துட்டு தான் இருக்கு. முகத்த மறைச்சு உடம்ப மட்டும் காட்டினா டக்குனு சொல்லிட்டாங்க. தோத்தவன் முகத்த ஜெயிச்சவன் உடம்புல ஒட்டினா ஜெயிச்சவன்னு சொல்றாங்க. இதுல வேடிக்க என்னன்னா முழு போட்டோ பாத்தவங்கள்ல நிறைய பேர் நாங்க முகத்த பாத்து தான் கண்டுபுடிச்சோம்னு சொன்னாங்க.

அப்போ உடம்ப பாத்தா குணம் தெரியுமா? ஓரளவு, அதுவும் ஒரு குணத்துக்கு தான். கலகலப்பான ஆளா ஒதுங்குற ஆளாங்கறது குரல், சிரிப்பு, கை வீசி பேசுறதுலயே வெளிய கொட்டிடும், அந்நியர் கூட கொஞ்ச நேரத்துல சொல்லிடலாம். மனசுக்குள்ள பதட்டமாவே இருக்க ஆள அப்படி புடிக்கிறது கஷ்டம். கைய கட்டினா மறைக்கிறான், மூக்க சொறிஞ்சா பொய் சொல்றான், இதெல்லாம் சும்மா, ஏசி ஜாஸ்தியா இருந்தாலும் கைய கட்டுவோம் மூக்கு அரிச்சாலும் சொறிவோம். பொய்ய கண்டுபுடிக்கிற ஆய்வுகள மொத்தமா சேத்து பாத்தப்போ ஆளுங்க சரியா சொன்னது சராசரி 54 சதவீதம் தான் வந்துச்சு, காச சுண்டி போட்டாலே 50 வரும்.

கொஞ்சமாச்சும் உதவுறது ஒண்ணு தான், அந்த ஆளு சாதாரணமா எப்படி இருப்பாருனு மொதல்லயே தெரிஞ்சு வச்சிருக்கணும், அதுல என்ன மாறுதுனு பாக்கணும். என் வீட்டுல என் மூஞ்சிய யாரும் கண்டுக்கறதே இல்ல. கப் கழுவும்போது நான் ஏதாவது பாட்டு முணுமுணுத்துட்டே இருப்பேன், அது நின்னு போச்சுன்னா தான் என் வைஃப் உள்ள இருந்து "என்னங்க, ஆஃபீஸ்ல எதாவது பிரச்சினையா?"னு கேப்பா. திரும்பி என் மூஞ்சிய பாக்க கூட மாட்டா.