நல்ல தத்துவம் ஒண்ணு சொல்லுங்க சார்

போன வாரமும் ஒரு ஃபோன். "சார், நீங்க தத்துவப் பேராசிரியராமே, மேடைக்குப் பின்னால பேனர்ல போட நல்ல தத்துவம் ஒண்ணு சொல்லுங்க. ரெண்டு வரிக்குள்ள இருந்தா நல்லது." இந்த மாதத்தில் இது மூன்றாவது. முந்தைய இருவரிடமும் சிரித்து மழுப்பிவிட்டேன், இவரிடம் கொஞ்சம் சிடுசிடுத்துவிட்டேன்.

தத்துவம் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டால்கூட எனக்குக் கோபம் வராது. நியாயமான கேள்வி, இன்னொரு நாள் பேசலாம். பொறுக்க முடியாதது, தத்துவம் என்றால் அழகான ஒரு வரி என்கிற நினைப்புதான்.

"நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரிய உதயப் படத்தின்மேல் இதைப் போட்டு, ஏதோ 'நன்றாக யோசித்தால் முன்னேறலாம்' என்று சொன்ன மாதிரி காலையில் அனுப்பிவிடுகிறார்கள். பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் 1637இல் இதை எழுதியது யாருக்கும் தெம்பூட்ட அல்ல. எதைத்தான் சந்தேகப்படவே முடியாது என்று தேடிக்கொண்டிருந்தார். கண் ஏமாற்றும், சரி. கணக்கிலும் தப்பு வரும். இப்போது விழித்திருக்கிறேன் என்பதே கனவாக இருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவருக்கு, சந்தேகப்படுகிற தான் இருப்பதை மட்டும் தள்ள முடியவில்லை, ஏனென்றால் தள்ளுவதற்கே ஆள் வேண்டுமே. அந்த வரி ஒரு கணக்கின் விடை. நாம் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு விடைக்கு ஃபிரேம் போட்டு மாட்டுகிறோம். அந்த விடையும் சரிதானா என்பது வேறு. வானத்தைப் பார்த்து, ஆள் யாரையும் குறிக்காமல் 'மின்னுகிறது' என்று சொல்வதுபோல 'சிந்தனை நடக்கிறது' என்றுதான் சொல்ல முடியும், 'நான்' எங்கிருந்து வந்தது என்று பிறகு ஜெர்மன் சிந்தனையாளர் லிக்டன்பெர்க் மடக்கினார். (அவர் பெயரே தெரியாமல் இதே கேள்வியைக் கேட்கிற பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்த வருடம் எனக்கு நல்ல வருடம்.)

ஆகவே, சாக்ரடீஸ் எழுதினார் என்று எது வந்தாலும் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை, நமக்குத் தெரிவதெல்லாம் பிளேட்டோ போன்றவர்கள் எழுதியதுதான். ஒரு வரி பிடித்திருக்கிறதா, ஏன் சரி என்று உங்களையே கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்தது அதன் ஓசை.

அப்புறம், துக்க வீட்டுக்கு மட்டும் இந்த வரிகளை அனுப்பாதீர்கள், தயவுசெய்து. கணவரை இழந்த ஓர் அம்மா என்னிடம் செல்ஃபோனை நீட்டினார். யாரோ பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸின் வரியை அனுப்பியிருந்தார்கள்: நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை. "இது சரியா சார்?" என்றார்.

வாதத்தை விளக்கினேன். கெடுதல் என்றால் அதை அனுபவிக்க ஒருவர் வேண்டும், இறந்தவர் இல்லையே, பிறகு யாருக்குக் கெடுதல் என்று கேட்கிறார் எபிகூரஸ். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேத்தி பிறக்கப் போகுதுன்னு தொட்டில் வாங்கி வச்சிருந்தாரு. பார்க்காமலே போயிட்டாரு. அவருக்கு அது தெரியாதுன்னா, அது நஷ்டமில்லைன்னு ஆயிடுமா?"

எபிகூரஸின் வாதத்துக்கு 1970இல் அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நேகல் எழுப்பிய மறுப்பு ஏறக்குறைய இதுதான். அந்தப் பெயரை நான் அவரிடம் சொல்லவில்லை. "ஆகாதுன்னுதான் எனக்கும் தோணுது, மேல சொல்லுங்கம்மா" என்றேன்.